எங்கள் தெரு விலை ஏறிய விதம்

இந்த ஊரில் சதுர அடிக்காரர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். கல்யாணத்துக்கு வந்தால் மண்டபத்துக்கு விலை போடுவார்; ஆஸ்பத்திரிக்குப் பழத்தோடு வந்தால், கட்டிலில் கிடப்பவரை நலம் விசாரித்த கையோடு, "உங்க ஏரியால சதுர அடி என்ன போகுது?" என்பார். வாங்க மாட்டார். விற்க மாட்டார். தெரியாவிட்டால் தூக்கம் வராது.

இதில் சாதாரண ரகம் டீக்கடையோடு நின்றுவிடும். படித்த ரகம் ஆபத்தானது. அது சராசரி எடுக்கும்.

நான் படித்த ரகம். தொழிற்சாலைகளில் அளவுக் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிப்பது என் வேலை. ஆகவே வீட்டு விலையை எப்படியெல்லாம் அளக்கக் கூடாது என்று மணிக்கணக்கில் பேசுவேன். பத்திரத்தில் எழுதும் விலை வேறு, கைமாறும் விலை வேறு, விளம்பரத்தில் கேட்கும் விலை வெறும் ஆசை. நான் குடியிருக்கும் ஸ்ரீரங்கத்தில் ஒரு மாதம் புது அடுக்குமாடி வீடுகள் நிறைய விற்றால் போதும், பழைய வீடு ஒன்றுகூட ஏறாமலே ஊரின் சராசரி ஏறிவிடும். தென்னூர் மாடியையும் உப்பிலியபுரத்து ஓட்டு வீட்டையும் சேர்த்து வகுத்தால் மாவட்டச் சராசரி வரும். அந்த விலைக்கு மாவட்டத்தில் எங்கேயும் வீடு இருக்காது. இவ்வளவும் தெரிந்தவன் என்ன செய்வான்? தினமும் சராசரி எடுப்பான்.

போன கோடையில் அம்மா இறந்துபோனார். பொன்மலைப்பட்டி வீடு எனக்கும் தங்கை டெல்பினுக்கும். கடைசிவரை அம்மாவைப் பார்த்துக்கொண்டவள் அவள். அங்கேயே இருக்க விரும்பினாள். உன் பங்குக்கு ஒரு விலை சொல், பேங்கில் லோன் கேட்கிறேன் என்றாள். தெருவின் போக்கைப் பார்த்து நியாயமாகச் சொல்கிறேன் என்றேன். சொல்லிவிட்டால் அது அம்மா வீடாக இருக்காது. ஆகவே அளந்துகொண்டே இருந்தேன்.

நாடி பிடித்துப் பார்க்க எங்கள் வீட்டையே இணையத்தில் விளம்பரம் செய்தேன், படம் இல்லாமல், பெயர் இல்லாமல். வெறும் சோதனை. ஆசைப்பட்ட விலையைப் போட்டேன். கொஞ்ச நாளில் அதே தெருவில் இன்னொரு விளம்பரம், எனக்குச் சற்று மேலே. அப்புறம் வேறொன்று. தெரு ஏறுகிறதே என்று நானும் ஏற்றினேன். அவையும் ஏறின. கோடு போட்டுப் பார்த்தேன்; என் தொழிலிலேயே அவ்வளவு அழகான கோட்டைப் பார்த்ததில்லை. டெல்பினுக்கு அனுப்பினேன். அவள் வாடகைக்கு வீடு பார்க்க ஆரம்பித்திருந்தாள்.

கல்லறைத் திருநாளன்று இருவரும் அம்மாவின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றினோம். அம்மா வீட்டுக்கு எதிர்வீட்டு அமிர்தராஜ் வந்தார். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ரிட்டயர் ஆனவர், நம் சதுர அடி இனம்தான். சிலுவை போட்ட கை கீழே இறங்குமுன் ஆரம்பித்தார்.

"நம்ம தெரு எங்கயோ போயிடுச்சு தம்பி. எவனோ ஒருத்தன் நெட்ல வெளம்பரம் போட்டான். அதப் பாத்து நானும் போட்டேன், பக்கத்து வீட்டுக்காரரும் போட்டாரு. நாங்க ஏத்த ஏத்த அவனும் ஏத்துறான். கெட்டிக்காரன்."

போனை நீட்டிக் காட்டினார். மனையின் பரப்பைப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் வரை எழுதியிருந்தான் அந்தக் கெட்டிக்காரன். டெல்பின் அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, இந்த வெலைக்கு நீயே வாங்கிக்கயேன். என் பங்குக்குப் பணத்தக் குடுத்துட்டு அம்மா வீட்ல நீ இரு."

மனதுக்குள் கணக்குப் போட்டேன். கட்டுப்படியாகவில்லை.

"உன்னால எவ்வளவு முடியும்?" என்றேன்.

சொன்னாள். சரி என்றேன். வகுக்கவில்லை, பெருக்கவில்லை. சொன்ன பிறகுதான் அம்மா இல்லை என்பது வந்து நெஞ்சில் நின்றது. எவ்வளவுக்கு முடிஞ்சது தம்பி என்று அமிர்தராஜ் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அன்றே என் விளம்பரத்தை எடுத்தேன். தெரு இறங்கியது. அமிர்தராஜ் இப்போது என்னோடு பேசுவதில்லை.

இதில் எங்கேயும் நான் விலையைச் சொல்லவில்லை. கவனித்தீர்களா? அவள் சொன்ன தொகை எவ்வளவு, எத்தனை அடி மனை என்று ஒவ்வொரு பத்தியிலும் தேடிக்கொண்டே வந்தீர்களா?

வாங்க, பக்கத்தில் உட்காருங்க. உங்களுக்கு எந்த ஏரியா?