அம்மைப்பால் பிடித்த கதை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். ஆத்தாளைக் கேலி செய்ததாக ஆகிவிடுமோ என்ற பயம். கேலிக்கு ஆளானவன் நான் ஒருவன்தான் என்று இப்போது தெளிந்துவிட்டதால் எழுதுகிறேன்.

‘அம்மைப்பால்’ என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. எல்லாம் தடுப்பூசி என்றாகிவிட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில், தீர்த்தமலைப் பக்கத்து எங்கள் ஊரில், கன்றுக்குட்டியின் மேல் எழுப்பிய கொப்புளத்திலிருந்து எடுத்த மருந்துக்கு அதுதான் பெயர். கையில் கீறி அந்தப் பாலை வைப்பார்கள். சில நாளில் அந்த இடம் கொப்புளித்துக் காய்ச்சல் அடித்தால் ‘பால் பிடித்தது’. இனிப் பெரியம்மை அண்டாது. கொப்புளிக்காவிட்டால் ‘பிடிக்கவில்லை’, மறுபடி கீறல்.

எனக்கு அபாரமாகப் பிடித்தது. (நமக்கு எதிலும் அரைகுறை கிடையாது.) இது மருந்து செய்கிற வேலை என்று அம்மை குத்துகிறவர் தெளிவாகத்தான் சொன்னார். ஆனாலும், ஊசிமுனையில் வந்தால் மட்டும் அவள் ஆத்தா இல்லையா? வாசலில் வேப்பிலை செருகினேன். மஞ்சள் தண்ணீரில் நனைத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு வேப்பங்கொத்தோடு படுத்துவிட்டேன்.

அன்றைக்குத்தான் தங்கை சாலாவைப் பெண் பார்க்க மொரப்பூர்ப் பக்கத்திலிருந்து வருகிறார்கள். அப்பா இல்லாத வீடு. இரண்டு இடம் ஏற்கெனவே தட்டிப்போயிருந்தது. அம்மாவும் சாலாவும் சமையற்கட்டில் பலகாரத்தோடு கிடந்ததால் வாசலைக் கவனிக்கவில்லை. வேப்பிலையைக் கண்டால் வெளியார் உள்ளே வரமாட்டார்கள் என்ற நினைப்பை என் காய்ச்சல் தின்றுவிட்டிருந்தது.

வண்டி வந்து நின்றது. வேப்பிலையைப் பார்த்தார்கள். அம்மை கண்ட வீட்டில் ‘போய்வருகிறேன்’ என்றுகூடச் சொல்லக்கூடாதே. சத்தமில்லாமல் மாட்டைத் திருப்பிவிட்டார்கள்.

ஜன்னல் வழியே அதைப் பார்த்ததும் எழுந்து ஓடினேன். மஞ்சள் வேட்டி, கையில் வேப்பங்கொத்து, ஒண்ணுமில்லீங்க நில்லுங்க என்று கூப்பாடு வேறு. அம்மை கண்டவன் துரத்தினால் எந்த வண்டிக்காரன் நிற்பான்? நான் கூப்பிடக் கூப்பிட மாடுகள் பறந்தன. (அவை அதற்கு முன்னும் பின்னும் ஓடியதே இல்லையாம்.) கால் சோர்ந்து வரப்பில் உட்கார்ந்தேன். என் தங்கையின் வாழ்வு புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.

சாலாதான் கேழ்வரகுக் கொல்லைக்குக் குறுக்கே ஓடி வண்டியை மறித்தாள்.

“அண்ணனுக்கு அம்மை இல்லீங்க. அம்மைப்பால் புடிச்சிருக்குது. எனக்குந்தான் புடிச்சுது, பாருங்க” என்று கையைக் காட்டினாள்.

“அப்ப வேப்பிலை எதுக்கு கண்ணு?” என்று கேட்டார் மாப்பிள்ளையின் அம்மா.

“அண்ணனுக்கு பக்தி கொஞ்சம் ஜாஸ்திங்க.”

அதுவரை வாய் திறக்காத மாப்பிள்ளை, “எனக்கு ரெண்டு வாட்டி வச்சும் புடிக்கலை” என்றார் மெதுவாக. சாலா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்குத்தான் வண்டி திரும்பியது.

திரும்பி வந்தும், வேப்பிலை செருகிய வாசலை மிதிக்க அந்த அம்மாளுக்கு மனம் ஒப்பவில்லை. அதைப் பிடுங்கி எறிய எனக்கும் கை வரவில்லை. எங்கள் அம்மாதான் வழி சொன்னார்: “உன் ஆத்தாளைக் கூட்டிக்கிட்டு நீ மாட்டுக் கொட்டாய்க்குப் போடா.”

வாசல் வேப்பிலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனேன். உள்ளே தங்கைக்குப் பூ வைத்தபோது, எருமையின் பக்கத்தில் உட்கார்ந்து ஆத்தாளைக் கும்பிட்டேன். அவள் கைவிடவில்லை, சாலா நன்றாக வாழ்ந்தாள்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் எந்தக் குழந்தைக்கு ஊசி போட்டாலும், “மச்சான், கொட்டாய் காலியாத்தான் இருக்குது” என்பார் மாப்பிள்ளை. அவர் சொல்லும் கதையில் நான் எருமை மேலேறி வண்டியைத் துரத்துகிறேன். ஆகையால், படிப்பவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள்; ஆனால் எழுதியபடியே சொல்லுங்கள். அந்த எருமை கொட்டாயை விட்டு வெளியே வரவே இல்லை.