புளிக்கு விட்ட கூடம்

ஒரு குடும்பத்தின் ஒரு வருடப் புளியை நான் மழையில் நனையவிட்டேன். தெரியாமல் நடந்ததல்ல. கோபத்தில், என் இரண்டு கைகளாலும் இழுத்து வெளியே போட்டேன்.

ஜவ்வாது மலையில் தலைமையாசிரியராக இருந்தபோது சின்னப்பையனின் வீட்டில் வாடகைக்கு இருந்தோம். வாடகை குறைவு, ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பங்குனியில் புளி உலுக்கினால் கூடம் அவர்களுடையது. அவர் மனைவி காளியம்மா மகள்களோடு வந்து உட்கார்ந்து ஓடு உடைப்பார், கொட்டை எடுப்பார். குளிக்கப் போவதென்றாலும் நான் குவியலைத் தாண்டித்தான் போகவேண்டும். (ஒருமுறை வேட்டியில் ஒட்டிய புளியோடு கல்வி அதிகாரி முன்னால் போய் நின்றேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது.) என் மனைவி லலிதாவோ அவர்களோடு உட்கார்ந்து கொட்டை எடுத்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. வாடகை என்பது ஓடையில் வீசும் பணம் என்று ஜீப்பில், டீக்கடையில், ஆசிரியர் அறையில் முழங்கினேன். வாடகையையும் வீட்டுக்கடன் தவணையையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிக் கூட்டினேன். சொந்த வீடு ஜெயித்தது. (ஜெயிக்கும்வரை கூட்டினேன்.)

ஒருநாள் சின்னப்பையனைப் பிடித்துக்கொண்டேன். வாடகை கொடுப்பவன் நான், இது யார் வீடு என்று கேட்டேன்.

"உங்க வூடுதான் சார். புளிக்கு மட்டும் எங்குளுது."

அன்று மதியம் அவர்கள் சந்தைக்குப் போனார்கள். லலிதாவும் கூடப் போயிருந்தாள். குவியலை முற்றத்துக்குத் தள்ளினேன். மாலையில் கோடைமழை இருட்டிக்கொண்டு வந்தது. திரும்ப உள்ளே அள்ளிப்போட நேரம் இருந்தது. ரோஷம் விடவில்லை. ஜன்னலில் நின்று பார்த்தேன், முட்டாள்.

அந்தப் புளியை விற்றுத்தான் கிணற்றுக்கு மோட்டார் வாங்க இருந்தார்கள். காளியம்மா ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார். லலிதா என்னோடு பேச ஒரு மாதம் ஆயிற்று.

மலைக்குக் கீழே கண்ணமங்கலத்தில் வீடு கட்டினேன். நான் கூட்டாமல் விட்டதெல்லாம் அதன்பின் வரிசைகட்டி வந்தது. போர்வெல்லில் தண்ணீர் இறங்கியது, மோட்டார் எரிந்தது, மொட்டைமாடி ஒழுகியது. பூசிய மேஸ்திரி போனை எடுப்பதில்லை. மலையில் கூரை ஓடு விலகினால் சின்னப்பையன் ஏணியோடு வருவார். இங்கே ஏணியில் ஏறுவதும் நான், கீழே நின்று கத்துவதும் நான். திட்டுவதற்கு வீட்டுக்காரன் இல்லாத வீட்டில் மனிதன் எப்படி வாழ்வான்?

ஓய்வு பெற்ற பிறகு மலைக்குப் போய், செய்தது தப்பு என்று சொல்லிப் பணத்தை நீட்டினேன். காளியம்மாதான் பேசினார்.

"பணம் இன்னாத்துக்கு சார்? இங்க வெச்சிருந்தா ஏவாரி சொல்றதுதான் வெல. உங்க வூடு ரோட்டு மேலதான கீது? வெல ஏறுற வரிக்கும் எங்க புளி அங்க கெடக்கட்டும்."

சரி என்று பணத்தைப் பையில் போட்டுக்கொண்டேன். இப்போது வருடா வருடம் ஜீப்பில் மூட்டைகள் இறங்குகின்றன. ஆடிவரை கூடம் அவர்களுடையது. வானம் இருண்டால் முதலில் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவது நான். கூடத்தில் ஒழுகாத பக்கம் மூட்டைகளுக்கு, ஒழுகும் பக்கம் என் கட்டிலுக்கு.

போன ஆனியில் வந்த மருமகன், கட்டில்மேல் வாளி வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, இது நம் சொந்த வீடுதானே என்று மெதுவாகக் கேட்டார்.

"சொந்த வூடுதான் மாப்ள," என்றாள் லலிதா. "புளிக்கு மட்டும் அவங்குளுது."