சம்பந்தி ரயிலை நிறுத்திய பச்சை பாட்டில்

சாம்பியன் ரீப்ஸ், கோலார் தங்க வயல்,
1957, கார்த்திகை மாதம்.

ஜோலார்பேட்டையில் ரயில்வே பாயின்ட்ஸ்மேனாக இருந்து பென்ஷன் வாங்கும் மரியாதைக்குரிய சம்பந்தி ஏகநாதன் அவர்களுக்கு, சுரங்கத்தில் முப்பத்தெட்டு வருஷம் மேஸ்திரியாக இருந்து வெளியே வந்த தசரதன் கும்பிட்டுச் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு லூயிசா டீச்சர் எழுதுவது. இங்கே நான், என் வீட்டுக்காரி பார்வதம்மா, மகள் குணசுந்தரி எல்லோரும் சுகம். உங்கள் சுகமும், உங்கள் வீட்டுக்காரி தங்கச்சி சௌந்தரம் சுகமும், மாப்பிள்ளை நாராயணசாமி சுகமும் எழுதவும். இன்னும் சம்பந்தி என்று எழுதலாமா என்று டீச்சர் கேட்டார்கள். எழுதுங்கள், வேண்டாமென்றால் அவரே பேனாவால் அடித்துவிடட்டும் என்றேன்.

"இனி அந்த ஊரில் முகம் காட்ட முடியாது, கல்யாணப் பேச்சை விட்டுவிடலாம்" என்று நீங்கள் போட்ட தபால் அட்டை வந்தது. அதைக் கேட்டதிலிருந்து குணசுந்தரி சரியாகச் சாப்பிடவில்லை, பார்வதம்மா எனக்குச் சரியாகச் சாப்பாடு போடவில்லை. ஆகையால் குற்றம் யாருடையது என்பதை ஆதியிலிருந்து சொல்லிவிடுகிறேன். குற்றம் என்னுடையது. பாதிக் குற்றம் சுரங்கத்துப் பன்னிரண்டு மணிச் சங்குடையது.

சுரங்கம் சர்க்கார் கைக்குப் போனபின் துரைமார் ஒவ்வொருவராகச் சீமைக்குக் கிளம்பினார்கள் அல்லவா. எங்கள் துரை போகும்போது, பழைய ஆட்கள் ஆளுக்கொரு சாமான் எடுத்துக்கொள்ளலாம் என்றார். கடிகாரம் இருந்தது, சாய்வு நாற்காலி இருந்தது. நீங்கள் வாக்கு கொடுக்க வரப்போகிறீர்கள், மதராஸ் பக்கம் மதுவிலக்கால் நாக்கு காய்ந்து கிடக்கிறீர்கள் என்ற நினைப்பில் நான் அலமாரிக்குப் போனேன். ஏழு பாட்டில். எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் வெடி வைத்த பிறகு மேற்பாறையைக் கம்பியால் தட்டி, சத்தத்தை வைத்து உள்ளே பொள்ளலா கெட்டியா என்று சொல்லித்தான் முப்பத்தெட்டு வருஷம் ஆட்களை உயிரோடு வெளியே கொண்டுவந்திருக்கிறேன். அதே மாதிரி பாட்டில்களைத் தட்டினேன். ஆறு பாட்டில் பாதிக்கு மேல் பொள்ளல். பட்லர் முனியப்பன் கூரையைப் பார்த்தான். ஏழாவது, பச்சை பாட்டில், கழுத்து வரைக்கும் கெட்டியாகப் பேசியது. "அது இன்னாத்துக்கு மேஸ்திரி? அப்சிந்துன்னு கசப்புச் சாராயம். தொரைங்களே தொட மாட்டாங்க" என்றான் முனியப்பன். நீயே தொடாமல் விட்டதென்றால் விலை உயர்ந்ததாகத்தான் இருக்கும் என்று அதையே எடுத்தேன்.

அதைக் குடிக்கும் முறை தெரியாதவன் இல்லை நான். 1922-ல், பங்குனியில், ஒரு வியாழக்கிழமை, இத்தாலிக்கார இன்ஜினியர் பங்களாவுக்குக் கூரை மரம் மாற்றப் போயிருந்தேன். ஓடு பிரித்த இடத்தின் வழியாகப் பார்த்தேன். கிளாசில் பச்சைத் தண்ணி. மேலே ஓட்டைக் கரண்டி. கரண்டியில் சர்க்கரைக் கட்டி. ஒரு ஜாடியை எடுத்து அதன்மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடப் போனார். அந்த நேரம் பார்த்துச் சங்கு ஊதியது. சோற்று நேரம், இறங்கிவிட்டேன். தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்பதை மட்டும் பார்க்கவில்லை. மற்றதெல்லாம் நேற்றுப் பார்த்தது போல இருக்கிறது.

நீங்கள் சிவப்புப் பட்டுப்புடவையோடு தனியாக வந்து உட்கார்ந்தீர்கள். அதைப் பார்வதம்மா கையில் வைத்தால் வாக்கு உறுதி. அதற்கு முன்னால் ஒரு வாய் என்று நான்தான் கூப்பிட்டேன். ஓட்டைக் கரண்டிக்குப் பூந்திக் கரண்டி, சர்க்கரைக் கட்டிக்குத் தாம்பூலத் தட்டிலிருந்த கல்கண்டு. கல்கண்டு லேசில் கரைகிற ஜாதியா? அரைமணி நேரம் சொட்டு விட்டேன். நீங்கள், "இன்னா சம்பந்தி, என்ஜினுக்குத் தண்ணி புடிக்கறதே இதவிட சுருக்கா ஆவும்" என்றீர்கள். அப்போதுதான் பச்சை போய்ப் பால் மாதிரி வெளுத்தது. சோம்பு வாசனை வேறு. பார்வதம்மா எட்டிப் பார்த்து, "ஆஸ்பத்திரில தரை கழுவுற பினாயிலுங்க அது, வந்த மனுசனுக்கு அதயா ஊத்திக் குடுக்கறீங்க" என்றாள். நீங்கள், "பச்சை தெரிஞ்சா போவலாம், செவப்பு தெரிஞ்சா நிக்கலாம். நடுவுல வெள்ளையாவுற சிக்னல நான் பாத்ததில்லியே" என்றீர்கள்.

வெடி வைத்த இடத்துக்குள் முதலில் மேஸ்திரிதான் நுழைய வேண்டும். அந்த வழக்கப்படி நான் முதலில் குடித்தேன். நாக்கு மரத்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்ததை மட்டும் அடக்கினேன். மைன்காரன் குடித்தால் ரயில்வேக்காரன் விடுவானா என்று நீங்கள் மூன்று டம்ளர் போட்டீர்கள். நான் பதமாகப் போங்க என்றேன், சொன்னது உங்கள் காதில் விழவில்லை.

அப்புறம் நடந்ததில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை. நாலு மணிப் பாசஞ்சர் கூவிய சத்தம் கேட்டு, பழைய வேலை ஞாபகத்தில், கையில் இருந்த புடவையோடு எழுந்து தண்டவாளத்துக்குப் போனீர்கள். ஸ்டேஷனைத் தாண்டிய வண்டிக்கு முன்னால் புடவையை விரித்து ஆட்டினீர்கள். சிவப்பாயிற்றே, வண்டி நின்றுவிட்டது. வண்டியின் கார்டு குதித்து ஓடிவந்து, "இன்னாயா ஆச்சு, தண்டவாளம் ஒடஞ்சிதா?" என்றார். "ஒண்ணும் ஆவல. எம் பையனுக்குக் கல்யாணம். நீ போலாம்" என்றீர்கள். இன்னும் இரண்டு தரம் சொன்னீர்கள். அவர் உங்களைக் கையோடு பிடித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். புடவையும் உங்களோடு போயிற்று. வாக்கு அந்தரத்தில் நிற்கிறது.

இங்கே யாரும் அதை மனசில் வைத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகள் துண்டை ஆட்டி விளையாடுகிறார்கள். கீரைக்காரி பாப்பம்மா, "எந்த சம்பந்தி, ரயில் சம்பந்தியா?" என்று கேட்கிறாள். அவ்வளவுதான். தங்கச்சி சௌந்தரத்துக்கு இதில் ஒரு எழுத்து தெரியாது, என் வாயால் தெரியவும் வராது. என் மகள் முகத்துக்காக, கோபத்தை என் தலையில் இறக்கிவிட்டு, புடவையோடு ஒருமுறை வாருங்கள். காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன்.

கோலார் தங்க வயல் கங்கம்மா உங்கள் குடும்பத்தை நோய்நொடி இல்லாமல் வைக்கட்டும். பெரியவர்களுக்குக் கும்பிடும் சின்னவர்களுக்கு ஆசியும்.

இப்படிக்கு,
தசரதன் (கைநாட்டு)

பின்குறிப்பு: எழுதியதை டீச்சர் உரக்கப் படித்துக் காட்டினார்கள். கைநாட்டுக்காரன் காதால்தானே சரிபார்க்க வேண்டும். முடித்துத் திரும்பினால் வாசலில் தங்கச்சி சௌந்தரமும் மாப்பிள்ளையும். நிச்சயம் ஆயிற்று என்று நீங்கள் சொல்லியிருக்க, புடவை டிரங்குப் பெட்டி அடியில் கிடந்ததாம், விசாரிக்க வந்தார்களாம். எங்கிருந்து கேட்டீர்கள் என்றேன். "சுகம் எழுதவும்ல இருந்து" என்றார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "அண்ணா, நெசமாலுமே கார்டு கிட்ட எம் பையனுக்குக் கல்யாணம்னு சொன்னாரா?" "மூணு தரம் சொன்னாரும்மா." "முப்பது வருசத்துல டூட்டிக்கு நேரமாச்சு, சோறு போடுன்றதத் தவர எங்கிட்ட ஒண்ணும் பேசினதில்லே அந்த மனுசன். உள்ளுக்குள்ள இம்மாம் சந்தோசம் வெச்சினு கீறாரா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, பார்வதம்மா கையில் புடவையை வைத்துவிட்டார்கள். தை பத்து முகூர்த்தம். குணசுந்தரி இரண்டு தட்டு சாப்பிட்டாள். ஆகையால் மேலே நான் கெஞ்சியது எதுவும் தேவையில்லை, ஸ்டாம்பு ஒட்டிவிட்டதால் அனுப்புகிறேன். கல்யாணத்துக்கு வந்து சேரவும். வண்டியை நிறுத்த வேண்டாம், சாம்பியன் ரீப்ஸில் அதுவே நிற்கும்.