பங்காளிகளின் அண்டாவைத் தானம் கொடுத்த கதை

எனக்குத் திடீர் திடீரென்று ஞானம் வரும். வந்தால் வீட்டில் யாருக்கும் நல்லதில்லை. ஒருமுறை சர்க்கரையே விஷம் என்று ஞானம் வந்து, மூன்று வாரம் எல்லோரும் காப்பியைக் கஷாயம் குடிப்பதுபோலக் குடித்தார்கள். இன்னொரு முறை, விடியற்காலை நாலு மணிக்கு எழுகிறவர்களுக்குத்தான் வாழ்க்கை என்று தெரிய வந்தது. (எழுந்தேன். நாலரைக்குத் திரும்பவும் படுத்துக்கொண்டேன்.) இதெல்லாம் சின்ன விபத்துகள். பெரிய விபத்து, வீட்டில் வேண்டாத சாமான்களை ஒழிக்கும் ஞானம் வந்தபோதுதான் நடந்தது.

போனில் ஒரு வீடியோ பார்த்தேன். வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, நடுவில் ஒரே ஒரு நாற்காலி, அதில் ஒரு பெண். 'ஆறு மாதமாக நீங்கள் தொடாத பொருள் உங்களுடையது இல்லை. அதற்காகக் காத்திருக்கிற வேறு யாருடையதோ' என்றாள். எனக்குப் புல்லரித்துவிட்டது. நிமிர்ந்து என் வீட்டைப் பார்த்தேன். மிக்ஸி இல்லாத மிக்ஸி ஜார் மூன்று. கல்யாணத்துக்கு வந்த சுவர்க்கடிகாரம் ஒன்பது, ஒன்றுகூட ஓடவில்லை. தாம்பூலத்தில் வாங்கி, அடுத்த வீட்டுத் தாம்பூலத்தில் கொடுப்பதற்காகவே பிறந்த ரவிக்கைத் துணிகள் ஒரு பீரோ நிறைய. போதாக்குறைக்கு என் கணவர் குமரேசன் திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டிகளுக்கு உதிரிபாகம் விற்கிறவர். கடையில் இடம் இல்லாததெல்லாம் எங்கள் படிக்கட்டுக்கு அடியில்தான் வந்து சேரும்.

"ஏங்க, இதையெல்லாம் யாருக்காவது கொடுத்திடலாமா?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும் உடு" என்றார்.

இது அவருடைய எல்லாவற்றுக்குமான பதில். சுவரில் விரிசல் என்றாலும் இருக்கட்டும் உடு, பல்வலி என்றாலும் இருக்கட்டும் உடு. அதனால் அதை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

போனில் ஒரு குழு இருந்தது. வேண்டாததைப் படம் எடுத்துப் போட்டால், வேண்டியவர்கள் வந்து எடுத்துப்போவார்கள். முதல் நாள் மிக்ஸி ஜாரைப் போட்டேன். பத்தே நிமிடத்தில் மூன்று பேர் கை தூக்கினார்கள். அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? தேரை நானே ஒற்றை ஆளாக இழுத்து நிலைக்குக் கொண்டுவந்த மாதிரி இருந்தது. மறுநாள் கடிகாரங்கள் போயின. பிறகு துணிகள், பையனின் நடைவண்டி, நான் ஒரே ஒரு நாள் ஓடிய உடற்பயிற்சி இயந்திரம். 'உமா அக்காவுக்குப் பெரிய மனசு' என்று குழுவில் எழுதினார்கள். காலையில் பல் தேய்ப்பதற்குள் இன்று எதைக் கொடுக்கலாம் என்று கை பரபரத்தது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே என் கணவர் தட்டை இடது கையால் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தார்.

ஒன்பதாவது நாள் படிக்கட்டுக்கு அடியில் நுழைந்தேன். பழைய ஓஸ் பைப்புகளுக்குப் பின்னால் ஒரு பித்தளை அண்டா கவிழ்ந்து கிடந்தது. சாதாரண அண்டா இல்லை. உள்ளே நான் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் தலை மட்டும்தான் தெரியும். ஒட்டடையும் தூசியும் விரல்கடை உயரத்துக்கு இருந்தது. ஆறு மாதம் என்ன, இரண்டு வருடமாக யாரும் தொட்டதில்லை. நான் பிரசவத்துக்கு ஆத்தூரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு, கைக்குழந்தையோடு திரும்பியபோதே அது அங்கே இருந்தது. அன்றைக்கே கேட்டேன், இது எதற்கு என்று. என்ன பதில் வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

படம் போட்டேன். பள்ளிபாளையத்திலிருந்து கலைவாணி என்ற அம்மா உடனே பேசினார்கள். மொட்டைமாடியில் தோட்டம் வைத்திருக்கிறவர்கள். தாமரை வளர்க்க வேண்டும் என்பது அவர்களுக்கு ரொம்ப நாள் ஆசையாம், அதற்கேற்ற தொட்டி அமையவில்லையாம். அன்று சாயங்காலமே அவர்கள் மருமகன் நாலு ஆட்களோடு வண்டி கொண்டுவந்து ஏற்றிப் போய்விட்டார். அந்தக் காலி இடத்தைக் கூட்டிப் பெருக்கி, ஒரே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். (படிக்கட்டு தலையில் இடித்தது. ஆனாலும் நிம்மதியாகச் சிரித்தேன்.)

இரண்டு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை, என் கணவரின் பெரியப்பாவிடமிருந்து போன் வந்தது. எனக்குப் பெரிய மாமனார் முறை. அவர்கள் குலதெய்வக் கோயிலுக்கு பதினாறு பங்காளிக் குடும்பங்கள். அத்தனைக்கும் அவர்தான் பெரியவர்.

"மருமகளே, வார ஞாயித்துக்கெழம கோயல்ல பொங்கலுங்க. வெடியால வண்டி வாரும். அண்டாவக் கழுவி வெச்சிருங்க சாமி."

"எந்த அண்டாங்க மாமா?"

"நம்ம பங்காளிக அண்டாதானுங்க. ரெண்டு வருசத்துக்கொருக்கா பொங்கலு, பொங்கலுக்குப் பொங்கலு ஒரு ஊட்டுக்கு முறை. போன பொங்கலப்பத்தான் குமரேசன் முறைக்கு உங்கூட்டுக்கு வந்துச்சு. இந்தப் பொங்கலுக்கு எல்லாரு மின்னாலயும் அவன் ஒப்படைக்கோணும். மூணு தலமொறையா ஒரு நசுங்கல் இல்லாம வெச்சிருக்கறமுங்க."

போனைக் கையில் பிடித்தபடியே போய், படிக்கட்டுக்கு அடியில் அந்த ஒற்றை நாற்காலியைப் பார்த்தேன். எங்கள் ஆத்தூர்ப் பக்கத்துச் சொந்தத்தில் இப்படிப் பொது அண்டா வழக்கம் கிடையாது. முந்தைய பொங்கல்களிலும் எனக்கு இலையோடுதான் பழக்கம், அண்டாவோடு இல்லை. இதைத் தூக்கிக் கொடுத்தால் ஒரு குடும்பத்தின் மானமே போகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர் இருக்கட்டும் உடு என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

அன்று மதியம் அவர் சாப்பிட வந்ததும் சொன்னேன். இரண்டு மாதமாக அவர் படிக்கட்டுக்கு அடியில் எட்டிக்கூடப் பார்த்திருக்கவில்லை. கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது. கல்யாணம் ஆகி எட்டு வருடத்தில் முதல்முறையாக அவர் அந்த இரண்டு வார்த்தைகளைச் சொல்லவில்லை.

"அம்மிணி, எங்கொப்பன் முறையப்ப, அண்டா ஊட்டுல இருந்த வரைக்கும் அவரு வெளியூரே போகுலீ" என்றார், ரொம்ப மெதுவாக. எனக்கு அழுகை வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் இருவரும் பள்ளிபாளையம் போனோம். கலைவாணி அம்மா எங்களைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக மாடிக்குக் கூட்டிப்போனார்கள். அண்டா அங்கே வெயிலில் ஜம்மென்று நின்றது. அரை அண்டா களிமண், அதற்கு மேல் தண்ணீர், தட்டுத் தட்டாகத் தாமரை இலை, இடையில் குட்டி குட்டியாக வண்ணமீன்கள். நடுவில் ஒரு மொட்டு, எலுமிச்சம்பழம் அளவுக்கு.

"நாளைக்கோ நாளானைக்கோ விரிஞ்சிரும் கண்ணு. உன்ர புண்ணியந்தான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

இந்த நிலையில் எப்படிக் கேட்பது? என் கணவர் தொண்டையைக் கனைத்தார், வானத்தைப் பார்த்தார், கடைசியில் குனிந்து அண்டாவைப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அண்டாவின் பக்கவாட்டில், அடியிலிருந்து நாலு விரல் உயரத்தில், ஒரு வால்வு இருந்தது. ஒன்றரை இஞ்சு பித்தளை வால்வு, ஒரு முழ நீளத்துக்கு இரும்புக் குழாயோடு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"அதுங்களா? தண்ணி மாத்தோணுமில்லீங்க. எம்மருமகன்தான் ஓட்டை போட்டு மாட்டுனாரு. மீனு போயிராம உள்ளார கம்பி வலை வேற வெச்சிருக்குறாரு" என்றார்கள் பெருமையாக. "அவரு ரிக்குல டிரில்லருங்க."

திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆண்கள் கையில் எது கிடைத்தாலும் அரை மணி நேரத்தில் துளை போட்டுவிடுவார்கள். இந்தியாவெங்கும் போய்ப் பூமியில் துளை போடுகிறவர்களுக்கு அண்டா எம்மாத்திரம்? கிட்டப் போய்ப் பார்த்த என் கணவர் இன்னொன்றையும் கண்டுபிடித்தார். அந்த வால்வு எங்கள் கடையில் வாங்கியது.

நான் அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். கலைவாணி அம்மா மொட்டைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். பிறகு பெருமூச்சு விட்டு, "சாமி சொத்து எனக்கெதுக்கு கண்ணு. ஆனா மொட்டு ஒடியாம மாத்திக் குடுத்தரோணும்" என்றார்கள். அதே அளவில் ஒரு சிமென்ட் தொட்டி வாங்கி, நாலு பேர் மாடிக்குத் தூக்கி, களிமண்ணைக் கையால் அள்ளி அள்ளிப் போட்டோம். மொட்டுத் தண்டை நான் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடந்தேன். என் பையனைப் பெற்ற அன்றுகூட நர்ஸ் அவ்வளவு ஜாக்கிரதையாக அவனைத் தூக்கவில்லை. மீன்களை எண்ணியதில் ஒன்று குறைந்தது. கலைவாணி அம்மா விடவில்லை. சேற்றுக்குள் அரை மணி நேரம் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் அண்டா கீழே இறங்கியது.

சனிக்கிழமை சங்ககிரியில் லாரி பாடி கட்டும் பட்டறைக்கு எடுத்துப் போனோம். மேஸ்திரி வால்வைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா இறுக்கமா இருக்குதுங்க. கழட்டுனா ஓட்டை, உட்டா பைப்பு. பத்த வெச்சு அடைக்கோணும்னா புதங்கெழம வாங்க" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்து, அண்டாவுக்குள் நானே இறங்கி, புளியும் செங்கல்தூளும் போட்டு மூன்று தடவை தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கக் கழுத்துப் பட்டையில் எழுத்துகள் தெரிந்தன. 'குலதெய்வம் கோயில் பங்காளிகள் பொது.' ஒட்டடைக்குள் இவ்வளவு விவரம் இருந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை, கோயிலில் முந்நூறு பேர். அண்டாவுக்கு என் பழைய புடவை ஒன்றைச் சுற்றியிருந்தேன். சமையல்காரர் முத்துச்சாமி வந்து புடவையை உருவினார். வெயிலில் வால்வு மின்னியது. பெரிய மாமா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து, குனிந்து பார்த்தார்.

"இதென்னுங்க குமரேசா?"

என் கணவர் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தலையைக் குனிந்தார். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. முன்னால் போய் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். வீடியோ, வெள்ளைச் சுவர், ஆறு மாதம், குழு, தாமரை, மீன், டிரில்லர், ஒன்றுவிடாமல். "இவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க மாமா, எல்லாம் நான் செஞ்சதுதான்" என்று முடித்தபோது எனக்கு மூச்சு வாங்கியது.

பெரிய மாமா கைத்தடியால் வால்வை மெல்லத் தட்டிப் பார்த்தார்.

"மீனு இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க மாமா."

"நம்ம சாமி கெடாயே திங்கற சாமி. மீனுக்கெல்லாம் கோவிச்சுக்காது" என்றவர், அண்டாவைக் காட்டி, "மொதல்ல சோறு ஆகட்டும். ஒழுகாம சோறு ஆச்சுன்னாப் பொறவு பேசலாம். ஒழுகுச்சுன்னா அதையும் பேசலாம்" என்றார்.

உலை வைத்தார்கள். குழாயை அடுப்புக் கல்லுக்கு வெளியே நீட்டி வைத்தார் முத்துச்சாமி. நான் அந்த வால்வையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு சொட்டு விழுந்தால் முந்நூறு பேருக்குச் சோறு இல்லை, என் கணவருக்குப் பங்காளிகளிடம் பேர் இல்லை. தண்ணீர் கொதித்தது. அரிசி விழுந்தது. வெந்தது. வால்வு கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் இருந்தது.

இனிதான் கஞ்சி வடிக்க வேண்டும். அவ்வளவு பெரிய அண்டாவை இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து ஆறு பேர் சாய்ப்பது வழக்கமாம். ஒவ்வொரு பொங்கலிலும் யாருக்காவது கை வேகுமாம். ஆறு பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். முத்துச்சாமி அவர்களைக் கையமர்த்தினார். ஒரு வாளியைக் குழாய்க்குக் கீழே வைத்து, ஈரத்துணி சுற்றிய கையால் வால்வைத் திருகினார்.

கஞ்சி வந்தது! வெள்ளை வெளேரென்று, ஒரே சீராக வாளிக்குள் இறங்கியது. மீனுக்குப் போட்ட கம்பி வலையில் சோறு நின்றுகொண்டது, ஒரு பருக்கை வெளியே வரவில்லை. எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. (குதித்தேன் என்று என் கணவர் சொல்கிறார்.)

முத்துச்சாமி தன் முழங்கையைத் திருப்பி, பழைய தழும்பு ஒன்றைக் காட்டினார். பிறகு என்னைக் கைகாட்டி, "ஏனுங்க பெரியவரே, இந்தப் புள்ளய இத்தன வருசமா எங்கீங்க வெச்சிருந்தீங்க?" என்றார். கூட்டம் அப்படியே சிரித்துவிட்டது. என் கணவர் சிரிக்கவில்லை, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

சாப்பாடு முடிந்ததும் பெரிய மாமா தீர்ப்புச் சொன்னார். வால்வு அப்படியே இருக்கலாம். குமரேசன் அண்டாவை ஒப்படைத்தது ஒப்படைத்ததுதான். ஆனால் வால்வுக்கு எண்ணெய் போட, வாஷர் மாற்ற ஆள் வேண்டும் என்பதால், இனி முறை கிடையாது, அண்டா எங்கள் வீட்டிலேயே நிரந்தரமாக இருக்கும். ஒழிக்கக் கிளம்பிய எனக்கு இப்படி ஒரு ஆயுள்தண்டனை. படிக்கட்டுக்கு அடியில் போட்ட நாற்காலியைத்தான் யாருக்காவது கொடுக்க வேண்டியதாயிற்று.

அதோடு விட்டார்களா? இன்றைக்கும் பங்காளி வீட்டு விசேஷங்களில் நான் நுழைந்தால், குத்துவிளக்கை எடுத்து உள்ளே வைப்பார்கள். என் நாத்தனார் கழுத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொள்வார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெரிய மாமாவிடம், "மாமா, எந்திரிச்சு நடங்க, உமா வாரா. ஆறு மாசமா ஒரே எடத்துல உக்காந்திருக்கறதப் பார்த்தா யாருக்காச்சும் குடுத்துருவா" என்று யாராவது சொல்லாமல் இருப்பதில்லை. அவரும் என்னைப் பார்த்ததும் கைத்தடியை எடுத்துக்கொண்டு மண்டபத்தை நாலு சுற்றுச் சுற்றிவிட்டு வருவார். போன மாதம் டாக்டரிடம் போனபோது, அவருக்குச் சர்க்கரை நன்றாகக் குறைந்திருக்கிறது என்றாராம். அதிலிருந்து, கூப்பிடாத விசேஷத்துக்கும் அவர் மனைவி பெரிய அத்தை என்னைக் கட்டாயம் வரச் சொல்கிறார்.