மெஷினுக்கு ஒரு பிடி கொழுந்து

மெஷின் ரொம்ப மெதுவாகப் பறித்தது. வீரம்மாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

மற்றபடி அவள் வாயடைத்துப்போய்த்தான் நின்றாள். நாலு சக்கரம், ஒரு இரும்புக் கை, கைக்கு மேலே ஒரு கண், கீழே ஒரு பெட்டி. அவ்வளவுதான் மெஷின். ஆனால் அந்தக் கண் தேயிலைச் செடியைக் குனிந்து பார்த்தது. முற்றிய இலையைத் தொடவே இல்லை. இளங்கொழுந்தைத் தேடிப் பிடித்து, நோகாமல் கிள்ளி, பெட்டியில் போட்டது. அதட்ட ஆளில்லாமல் ஒன்று ஒழுங்காக வேலை செய்வதை வீரம்மா இன்றைக்குத்தான் பார்க்கிறாள். உடம்பெல்லாம் சிலிர்த்தது.

“இதையா எம் மக செஞ்சா!” என்று பக்கத்துத் தேயிலை நிரையில் நின்ற காமாச்சியிடம் மெல்லக் கேட்டாள்.

“சாமி வந்த மாதிரில்ல இருக்கு!” என்று காமாச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மகள் பிரியந்தி கம்பஸில் என்ஜினியரிங் கடைசி வருஷம். ஜப்பானுக்குப் போய் ரோபோ ஆராய்ச்சி செய்ய ஒரு ஸ்கொலர்ஷிப் வந்திருந்தது. ஒரே ஒரு இடம். அதற்குச் சிபாரிசு செய்யவேண்டிய பேராசிரியர் நடராசா, மெஷின் மலையில் வேலை செய்வதை நேரிலேயே பார்த்துவிடுவோம் என்று டயகமத் தோட்டத்துக்கு ஜீப்பில் வந்து இறங்கியிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். சிரிக்கத் தெரியாத மனுஷன் என்று கம்பஸில் பெயர். செல்போனையே அதிசயமாகப் பார்க்கும் 2004இல், அந்த மலைக்கு அன்றைக்கு இரண்டு அதிசயங்கள்: ஒன்று மெஷின், மற்றது வாயைப் பிளந்து நின்ற பேராசிரியர்.

“பிள்ளை, அது வேகமாப் பறிக்கோணும் எண்டு நான் கேக்கேல்லை” என்றார் அவர் பிரியந்தியிடம். “எவ்வளவு பறிச்சன் எண்டு அது சொல்லுற கணக்கு சரியா இருக்கோணும். கணக்குப் பிழைச்சால் நான் சிபாரிசு செய்ய ஏலாது.”

“சரியா இருக்கும் சார். பறிக்கிற ஒவ்வொரு கொழுந்தையும் அது எண்ணும். பெட்டியில உள்ள நிறையோட ஒப்பிட்டுப் பாக்கும். ரெண்டும் ஒத்துவரலைன்னா சத்தம் போட்டு நின்னுரும்.”

இந்தப் பேச்சு நடந்தது ரோட்டோரத்தில். வீரம்மா நின்றது மலைச் சரிவில். அவள் காதில் ஒன்றும் விழவில்லை. அவள் கண்ணில் பட்டதெல்லாம், மெஷின் ஒரு கொழுந்தைக் கிள்ளிவிட்டு யோசிப்பதும், மறுபடி ஒன்றைக் கிள்ளிவிட்டு யோசிப்பதும்தான். இந்த வேகத்தில் போனால் இதற்கு அரைப்பேர்தானே விழும்? நிறை போதாவிட்டால் பாதிச் சம்பளம். பாதிச் சம்பளக்காரிக்கு எவன் ஜப்பான் கொடுப்பான்?

தோட்டத்தில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைத்தாய்ச்சியோ, காய்ச்சல்காரியோ, புதிதாக வந்த பெண்ணோ பறிக்க முடியாமல் திணறினால், பக்கத்தில் நிற்பவள் தன் கொழுந்தில் ஒரு பிடி அள்ளி அவள் கூடையில் போட்டுவிடுவாள். கொடுத்ததாகவும் சொல்லமாட்டாள், வாங்கினதாகவும் யாரும் கேட்கமாட்டார்கள்.

வீரம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். ஒரு பிடி அள்ளி மெஷினின் பெட்டிக்குள் போட்டாள்.

மெஷின் வீலென்று கத்தியது. தலையில் சிவப்பு விளக்கு எரிந்தது.

பிரியந்தி ஓடிவந்தாள். “ஏன் நின்னுச்சு?” என்று பதற்றத்தில் மெஷினின் சின்னத் திரையைக்கூடப் பார்க்காமல் எதையோ தட்டினாள், எதையோ திருகினாள். கத்தல் மட்டும் அடங்கி, அது மறுபடி கிளம்பியது.

வீரம்மா காமாச்சி பக்கம் திரும்பினாள். “பாத்தியா காமாச்சி, கொழுந்து பத்தலைன்னு அழுவுது!”

“அட பாவமே, எம் பங்குக்கு ஒரு பிடி” என்று காமாச்சியும் போட்டாள்.

அடுத்த நிரைக்காரியும் போட்டாள். அதற்கடுத்தவளும் போட்டாள். இதற்குள் பேராசிரியரும் சரிவில் இறங்கி வந்துவிட்டார். மெஷின் கிள்ளுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். ஆசை தாங்காமல் தானும் ஒரு கொழுந்தைக் கிள்ளினார். மெஷினையும் தன் விரலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கை நிறையக் கிள்ளினார்.

மெஷின் இந்த முறை கத்திய கத்தலில் எதிர் மலையிலிருந்த நாய்கள் குரைத்தன. பிரியந்தி என்ன தட்டியும் அசையவில்லை.

“பறிச்சதைவிடப் பெட்டியில கூடக் கிடக்குது எண்டெல்லோ இது சொல்லுது?” என்றார் திரையில் கணக்கைப் பார்த்த பேராசிரியர். முகம் மாறிவிட்டது.

“கூடுதலா?” வீரம்மா திடுக்கிட்டாள். அடடா, தப்புப் பண்ணிவிட்டோமே! யாரும் பார்க்காத சமயம் பெட்டிக்குள் கைவிட்டு அவசரமாக அள்ளினாள். அவசரத்தில் ரொம்பவே அள்ளிவிட்டாள்.

மெஷின் ராகத்தை மாற்றிக் கத்தியது.

“இப்ப குறையுதாம்!” என்றார் பேராசிரியர். “பிள்ளை, இதை நம்பி நான் என்னெண்டு சிபாரிசு செய்யிறது?”

பிரியந்தியின் உதடு துடித்தது. அதைக் கண்டதும் வீரம்மாவுக்கு வெட்கம், பயம் எல்லாம் பறந்துபோயிற்று. அள்ளியதை அப்படியே திருப்பிப் போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“ஐயா, மெஷின் மேல தப்பு இல்லீங்க. நாந்தான் ஒரு பிடி போட்டேன்.”

“அம்மா!” என்றாள் பிரியந்தி.

“அது தனியா நின்னு கஷ்டப்பட்டுச்சுடி. மனசு கேக்கல.”

காமாச்சி தலையைச் சொறிந்தாள். “நானும் ஒரு பிடிங்க.”

“நானுந்தாங்க.”

“நான் சின்னப் பிடிதாங்க.”

வேலையை மேற்பார்க்கும் கங்காணி சோலைமலை எல்லோரையும் எரித்துவிடுவது போலப் பார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “நம்ம தோட்டத்துப் புள்ளை செஞ்சதாச்சேன்னு... நானும் ஒண்ணு போட்டேன்” என்றார்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சரி, ஆர் ஆர் போட்டீங்களோ, அவையவை எடுங்கோ. அதுக்குப் பிறகும் கணக்குப் பிழையெண்டால் அது மெஷின்ர பிழைதான்.”

வரிசையாக வந்து அவரவர் பிடியை அவரவர் அள்ளினார்கள். சின்னப் பிடிக்காரி பெரிய பிடியாக அள்ளப்போக, காமாச்சி அவள் கையைத் தட்டிவிட்டாள். கடைசியாகக் கங்காணி அள்ளினார். மலையே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. பிரியந்தி பட்டனை அழுத்தினாள்.

சிவப்பு விளக்கு. கத்தல். இன்னும் கூடுதலாம்.

“வேற யாராச்சும் போட்டீங்களா?” என்று பிரியந்தி கெஞ்சினாள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருமில்லை.

“அப்ப... மெஷின்தான் தப்பு, சார்” என்றாள் அவள். வீரம்மா கொழுந்துக் கூடையோடு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு பிடியில் மகளின் ஜப்பானைக் கெடுத்துவிட்டாளே!

பேராசிரியர் துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது, இவ்வளவு நேரமும் மேட்டில் குந்தி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஜீப் டிரைவர் இராமையா எழுந்து குரல் கொடுத்தார்:

“சார், எல்லாரும் எடுத்துட்டாங்க. நீங்க போட்ட பிடிய எப்ப எடுக்கப் போறீங்க?”