சாம்பியன் ஓட்டிய கார்

"ஏங்க, இடது பக்கம் போன மரம் எப்படிங்க வலது பக்கத்துப் பொட்டியில முளைக்கும்?"

மனைவி கேட்டதில் நியாயம் இருந்தது. சாப்பாட்டு மேசையை அடைத்துக்கொண்டு மூன்று பழைய டியூப் மானிட்டர்களும், கம்ப்யூட்டரில் செருகிய ஒரு விளையாட்டு ஸ்டியரிங்கும் உட்கார்ந்திருந்தன. ஒரே கார் பந்தயம் மூன்று திரையிலும் சேர்ந்தாற்போல ஓட வேண்டும். ஆனால் இடதில் வர வேண்டியது வலதிலும், வலதில் வர வேண்டியது இடதிலும் வந்துகொண்டிருந்தது.

"எல்லாம் செட்டிங்குதான். நீ பதறாதே" என்றான் சாம்பியன். பதறிக்கொண்டிருந்தது அவன்தான்.

சாம்பியன் என்று பெயர் வைத்தவன் மச்சினன். மரியாதைக்கு வைத்ததல்ல. பள்ளிக்கூட நாளில், வீடியோ கேம் கடையின் மூன்று திரை மிஷினில், எங்கும் முட்டாமல் ஒரு சுற்று முழுக்கக் கார் ஓட்டிய கதையைக் கல்யாணமான நாளிலிருந்து சாம்பியன் சொல்லிவருகிறான். "அண்ணன் காசைப் போட, நான் ஸ்டியரிங்கைப் பிடிக்க, கடையே வாயைப் பொளந்துச்சு!" என்று ஒரு சொல் பிசகாமல் ஆரம்பிப்பான். போன மாதம் மச்சினன் அதே ஆட்டத்தை லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தான். இரண்டாவது வளைவிலேயே கார் சுவரில் போய் ஒட்டிக்கொண்டது.

"ஒரு திரையில எப்படிடா ஓட்டுறது? மூணு வேணும். அதுவும் டியூப். இந்தத் தட்டைத் திரையெல்லாம் நாம திருப்பினா சாவகாசமா யோசிச்சுத்தான் திரும்பும்."

"சரி மாமா, மூணு டியூபே வைங்க. ஞாயித்துக்கிழமை வர்றேன். முட்டிட்டா அந்தக் கதையை இந்த வீட்ல இனிமே எடுக்கவே கூடாது."

தலையாட்டிய பிறகுதான் சாம்பியனுக்கு உறைத்தது. அந்தக் கதை போய்விட்டால் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள வேறு கதையே கிடையாது. ஆபீசில் வந்த பதவி உயர்வுகூட வரிசைப்படி வந்ததுதான்.

இன்று ஞாயிறு. சாயங்காலம் மச்சினனும், அன்று காசு போட்ட அண்ணனும் வருகிறார்கள். சாம்பியன் கம்ப்யூட்டரில் இடதையும் வலதையும் மாற்றினான். மேசைக்குப் பின்னால் போயிருந்த மனைவியும் நல்லெண்ணத்தில் இரண்டு வயர்களையும் மாற்றிச் செருகினாள். மரம் பழையபடி வலதிலேயே முளைத்தது.

"நீ ஏதாவது மாத்துனியா?"

"ஆமா. நீங்க?"

"நானும்தான். திரும்ப மாத்து."

"மாத்திட்டேன்."

"ஐயோ, நானும் மாத்திட்டேனே!"

யாராவது ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது என்று முடிவாயிற்று. அவள் நின்றாள். மரம் இடதுக்குப் போனது.

அடுத்து சத்தம் வேண்டுமே என்று பெரிய ஸ்பீக்கரை இடது பெட்டியின் பக்கத்தில் வைத்தான். ஸ்பீக்கரின் காந்தம் பட்டு, ரோட்டில் ஊதாக் கறை படர்ந்தது. வலது பக்கம் நகர்த்தினான். அங்கேயும் படர்ந்தது. கீழே இறக்கினான். இரண்டு கறையும் இறங்கவில்லை.

கறை போக்க ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பட்டன் உண்டு. ஒவ்வொன்றாக அழுத்தப் பொறுமை ஏது? ஓடி ஓடி மூன்றையும் அழுத்தினான். 'டொய்ங்' என்று மூன்றும் உடம்பை உதறின. உள்ளே மனைவி துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். அத்தனையையும் தாங்காமல் பியூஸ் போய், வீடு மொத்தமும் இருண்டது.

அந்த நேரம் பார்த்து வாசலில் மச்சினன் குரல். "என்ன மாமா, கரண்டையே காணோம்? சாக்கு ரெடி போல!"

அண்ணன் சிரித்தபடி சோபாவில் சாய்ந்தார். மனைவி பியூஸைப் போட்டுவிட்டு டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்தாள். கம்ப்யூட்டர் தானாக எழுந்து, ஆட்டத்தையும் எழுப்பியது. கறை இல்லை. ரோடு இடதிலிருந்து வலதுவரை ஒரே ரோடாகக் கிடந்தது. கார் கிளம்பியேவிட்டது!

சாம்பியன் பாய்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தான். முதல் வளைவு. இரண்டாவது. சுவர் உரசாமல் விலகிப் போனது. கார் அவன் கைக்குக் கட்டுப்பட்டது; சில இடங்களில் அவன் திருப்புவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே திரும்பியது.

"டியூப்னா டியூப்தான்டா! மனசுல நினைச்சாலே திரும்புது!"

மச்சினன் கையிலிருந்த பிஸ்கட் டீயில் விழுந்தது. "மாமா, மன்னிச்சிடுங்க. நீங்க நிஜமாவே சாம்பியன்தான்."

சாம்பியனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏங்க," என்றாள் மனைவி, "கீழே 'காசு போடவும்'னு மின்னி மின்னி மறையுதே, அது எதுக்கு?"

மச்சினன் குனிந்து பார்த்தான். "காசுக்குப் பதிலா இருக்கிற பட்டனை அழுத்தவே இல்லையா மாமா? காசு போடாட்டி, ஆளுங்களைக் கூப்பிட மிஷின் தானாவே ஓட்டிக் காட்டும். இது அதுதான்!"

சாம்பியன் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்தான். கார் அடுத்த வளைவில் அழகாகத் திரும்பிப் போனது.

"சரி, இன்னைக்குப் பதட்டத்துல மறந்துட்டேன். ஆனா அன்னைக்கு ஓட்டுனது நான்தான். என் கையிலிருந்து காசை வாங்கிப் போட்டதே அண்ணன்தான். சொல்லுங்கண்ணா!"

அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, தம்பி முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"அந்தக் காசுக்கு நான் ஐஸ் வாங்கித் தின்னுட்டேன்டா."