கம்பி இல்லாத கூடாரம்

“கம்பியக் காணோமே,” என்றாள் மனைவி, கூடாரப் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தபடி.

ஃப்ரிட்ஜ் மெக்கானிக் முகத்தைத் தயார் செய்துகொண்டார். வரும் வழியெல்லாம் கார்க் கண்ணாடியில் பார்த்துப் பழகிய முகம்: புருவம் மேலே, வாய் லேசாகத் திறந்து. “அடடா. கம்பி இல்லாம டென்ட் எப்படி நிக்கும்?”

கம்பிகள் வீட்டில், சமையலறை அலமாரிக்குப் பின்னால், அவர் ஒளித்துவைத்த இடத்தில் பத்திரமாக இருந்தன.

அவர் கெட்டவர் இல்லை. கோடை முழுக்க ஊரார் வீட்டு ஃப்ரிட்ஜ்களுக்குப் பின்னால் குனிந்து கிடந்து, முதுகு ஒரு கேள்விக்குறியாகிப் போயிருந்தது. அதை ஒரு நல்ல கட்டிலில் நிமிர்த்திப் போட வேண்டும். வேறு ஆசை இல்லை. ஆனால் கல்யாணமான புதிதில், “எனக்குக் காடுன்னா உசுரு,” என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிவைத்தார். மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் மனைவி, அன்றிலிருந்து வருடா வருடம் லீவைச் சேர்த்துவைத்து இந்த ஏரிக்காட்டுக்கு அவரை அழைத்து வருகிறாள். இப்போது போய்ப் பிடிக்கவில்லை என்றால், இத்தனை வருடச் சிரிப்பும் பொய்யென்று ஆகிவிடாதா?

அதனால்தான் கம்பியில் கை வைத்தார். நுழைவாயில் ஆபீசுக்கு மேலே சில அறைகள் உண்டு. கட்டில், மெத்தை, வெந்நீர்.

“வேற வழியில்ல, ரூம்...” என்று அவர் ஆரம்பிப்பதற்குள், கூட வந்திருந்த மாமியார் கூடாரத் துணியை ஒரு கயிற்றில் போட்டு, இரண்டு மரத்துக்கு நடுவே கட்டிவிட்டார். அது ஈரப் போர்வை காயப்போட்டது போலத் தொங்கியது. முடிச்சோ, பார்க்கச் சகிக்கவில்லை.

மெக்கானிக் பார்க்காமல் இருக்க முயன்றார். ஏரியைப் பார்த்தார். மறுபடி முடிச்சைப் பார்த்தார். கை அரித்தது.

“அத்தை, டென்ட் கம்பியாலயா நிக்குது? இழுவையில நிக்குது. கம்பி துணிய வெளியே தள்ளும், துணி கம்பிய உள்ளே இழுக்கும். ரெண்டும் விடாம சண்டை போடுறதாலதான் விழாம இருக்கு.”

“குடும்பம் மாதிரின்னு சொல்லுங்க மாப்பிள்ளை.”

“என்னங்க, நான் ஒண்ணு சொல்லணும்,” என்றாள் மனைவி.

“ஒரு நிமிஷம், அந்த மூலையப் பிடி.”

லாரியில் சுமை கட்டுவது போலக் கயிற்றைச் சுருக்கிட்டு, அதையே கப்பியாக்கி இழுத்தார். நாலு மூலையையும் வெளிப்பக்கம் இழுத்து முளை அறைந்தார். துணி தவில் தோலாக விறைத்து நின்றது. பக்கத்துக் கூடாரத்துக்காரர் கைதட்டினார். மெக்கானிக்குக் கொஞ்ச நேரம் பெருமையாக இருந்தது. பிறகுதான், தன் கட்டிலுக்குத் தானே குழி பறித்தது புரிந்தது.

போகட்டும், காற்று மெத்தை இருக்கிறதே. யாரும் பார்க்காதபோது அதன் மூடியை அரைச் சுற்று திருகிவிட்டார். சாயங்காலத்துக்குள் அது அப்பளமாகப் படுத்துவிட்டது.

“காத்து போயிடுச்சு,” என்றாள் மனைவி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு. “என்னங்க, இந்த வருஷம் வேணும்னா நாம...”

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்து மாமியார் வெறும் தரையில் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்துப் படுத்தார்.

“அய்யோ அத்தை, அது வேலைக்கு ஆகாது.”

“ஏன், குளிர் ஏறிடுமா?”

“குளிர் ஏறாது. குளிர்னு ஒண்ணு எங்கயும் போறதும் இல்ல, வர்றதும் இல்ல. நம்ம சூட்டத்தான் தரை உறிஞ்சும். ஃப்ரிட்ஜும் அப்படித்தான், குளிர உள்ளே ஊத்துறதில்ல, சூட்ட வெளியே அள்ளிப் போடுது. உங்களுக்கும் தரைக்கும் நடுவுல அசையாத காத்து வேணும்.”

அசையாத காற்று எங்கே கிடைக்கும்? காய்ந்த சருகுக்குள். குனிந்து குனிந்து சருகு பொறுக்கிப் போர்வை உறைகளுக்குள் திணித்தார். மாமியார் அதில் சாய்ந்தார், குறட்டை வந்துவிட்டது. மனைவி சொல்ல வந்ததை விழுங்கியவள் போல அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது மழை பிடித்தது. மெக்கானிக் மனசுக்குள் கும்பிட்டார். மரத்திலிருந்து வரும் கயிறு, தண்ணீரைத் தன்மேலேயே வழியவிட்டு நேரே உள்ளே கூட்டிவரும். இன்னும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

முதல் சொட்டு மாமியார் நெற்றியில் விழுந்தது. “மாப்பிள்ளை, இதுக்கு ஒரு வழியும் இல்லையா?”

இருந்தது. அதுதான் அவர் தலையெழுத்து. கூடாரத்துக்கு வெளியே, கயிற்றில் ஒரு நூலைக் கட்டித் தொங்கவிட்டார். தண்ணீருக்குக் கீழே போக ஒரு வழி கிடைத்தால் அது ஏன் நேரே போகப்போகிறது? நூல் வழியாக மண்ணில் இறங்கியது. உள்ளே ஒரு சொட்டு இல்லை.

“சார், எங்களுக்கும் ஒண்ணு கட்டிக் குடுங்களேன்,” என்றார் பக்கத்துக் கூடாரத்துக்காரர். அவருக்கு அடுத்தவரும் வந்தார். மெக்கானிக் நனைந்து சொட்டச் சொட்டக் கூடாரம் கூடாரமாக நூல் கட்டினார். மனைவி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “தண்ணி பிடிச்சிட்டு வரேன்,” என்று குடையுடன் போனாள். வெகு நேரம் கழித்து, பாதிக் குடம்தான் கொண்டுவந்தாள்.

மழை விட்டதும் அவரால் முடியவில்லை. மானம் போனால் போகட்டும், முதுகு வேண்டும். காலாற நடப்பது போல நுழைவாயில் ஆபீசுக்குப் போனார். அங்கிருந்த பெண் சாவிகளை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

“ஒரு ரூம் இருக்குமாம்மா? கட்டில் இருந்தா போதும்.”

“இப்பதான் சார் கடைசி ரூமும் போச்சு. எந்த டென்ட் நீங்க?”

“ஏரி ஓரம். கம்பி இல்லாம...”

“அட, அந்த மெக்கானிக் சாரா?” அவள் சாவியைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “அந்தக் கடைசி ரூமே உங்க வீட்டம்மா பேர்லதான் சார் இருந்துச்சு, வருஷா வருஷம் இடுப்பு வலின்னு புக் பண்ணுவாங்க, வந்து உங்க முகத்தப் பார்த்ததும், ‘காடுன்னா அவருக்கு உசுரு, பாவம்’னு இன்னிக்கு மாதிரியே அவங்களே கேன்சல் பண்ணிட்டுப் போவாங்க.”